மூன்றாவது கையெழுத்து

"கவர்மென்ட்டுகிட்ட கை நீட்டுற ஆளு நான் இல்ல வெர்னா. வேற ஆளைப் பாரு!"

குரல் மட்டும்தான் வந்தது. கார்லண்ட் தன் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை அவனுடைய பூட்ஸ் கால்கள்.

வெர்னா அந்தப் பூட்ஸிடமே பேசினாள்.

"வேற ஆள் இருந்தா இந்த வெயில்ல உன் வீட்டுக்கு ஏன் வர்றேன்? மனுவுல மூணு பேர் கையெழுத்து வேணும். ரெண்டு வாங்கிட்டேன். இனிமே யாரைக் கேட்டாலும், 'கார்லண்ட் போட்டாரா?'ங்கிறாங்க."

"போட மாட்டேன்னுட்டான்னு சொல்லிடு."

வட கரோலினாவின் அந்தச் சிற்றூரில் மரச்சாமான் தொழிற்சாலை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பே ஒவ்வொரு பிரிவாக ஆட்களை அனுப்பிவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியது நாற்காலிப் பிரிவு. அதைப் பூட்டிய அன்று, இருபத்தொன்பது வருடம் நாற்காலி செய்த கார்லண்ட் தன் உளிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனான்.

வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கத்தில் ஓர் உதவி இருந்தது. புதுத் தொழில் படிக்கச் செலவு, படிக்கும் காலத்தில் வாரப்படி. ஆனால் எல்லோருக்குமாக மூன்று பேர் மனு போட்டு, தகுதி உண்டென்று வாஷிங்டன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சரி, யோசிக்கிறேன். அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரம் ஆகாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபேக்ஸ் போயாகணும். வேலை போய் ஒரு வருஷத்துக்குள்ள மனு போனாத்தான் செல்லும். வார்னிஷ் பிரிவுல பதினேழு பேருக்கு இன்னையோட வருஷம் முடியுது."

கார்லண்ட் ஊர்ந்து வெளியே வந்தான். நெற்றியெல்லாம் எண்ணெய்.

"ஓஹோ! அதான் இந்த ஓட்டமா? அந்தப் பதினேழுல நீயும் ஒருத்தியாக்கும்! உன் வாரப்படிக்காக நான் மானத்தை விடணுமா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டாள்.

"என்ன வேணா நெனச்சுக்கோ. போன வாரம் கடையில ஒரு நாற்காலி பார்த்தேன். உன் நாற்காலி. அதே முதுகு, அதே வளைஞ்ச கால். கவுத்துப் பார்த்தா சீனாவுல செஞ்சதுன்னு ஒட்டியிருக்கு. மேல நம்ம கம்பெனி பேரு. ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? நாம சோம்பேறிங்களாம். நம்மாலதான் கம்பெனி படுத்துச்சாம்."

"எவன் சொன்னான்?"

"முடிவெட்டுற கடையில போய் உக்காரு, உனக்கே கேக்கும். மனு ஜெயிச்சா ஒரு கடிதம் வரும் கார்லண்ட். வேலை போனதுக்குக் காரணம் இவங்க இல்ல, இறக்குமதிதான்னு அரசாங்கமே எழுதிக் குடுக்கும். அது பிச்சையா?"

கார்லண்ட் கந்தல் துணியில் கையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். காகிதத்தில் கறை படாது என்று உறுதியான பிறகு கையை நீட்டினான்.

"பேனாவைக் குடு."

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகக் கூடத்தில் ஒரு நாற்காலி மிச்சமில்லை. அதிகாரி கடிதத்தை உரக்கப் படித்தபோது ஒருவர்கூட இருமவில்லை. பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முன்வரிசையில் வார்னிஷ் பிரிவின் பதினேழு பேரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

தன் முறை வந்ததும் கார்லண்ட் நிமிர்ந்து நின்றான்.

"நாற்காலிப் பிரிவு. இருபத்தொன்பது வருஷம்" என்றான், யாரும் கேட்காமலே. கூடம் கைதட்டியது.

எலெக்ட்ரீஷியன் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெர்னாவைத் தேடினான். அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டத்தில் அவளைக் காணோம்.

மேசையிலிருந்த பெண்ணிடம் போனான். "ஏம்மா, வெர்னா பேரை விட்டுட்டீங்க போல. வார்னிஷ் பிரிவு. கொஞ்சம் பாருங்க."

அந்தப் பெண் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

"அவங்க வார்னிஷ் பிரிவு இல்ல சார், செதுக்கல் பிரிவு. முதல்ல அனுப்பினதே அவங்களைத்தான். மனு பாரம் வாங்க இங்க வந்த அன்னைக்கே அவங்களுக்கு வேலை போய் ஒரு வருஷம் தாண்டிடுச்சு. 'மத்தவங்களுக்குக் கிடைச்சாலும் உங்களுக்கு எதுவும் கிடைக்காதும்மா'ன்னு சொன்னேன். 'தெரியும், பாரத்தைக் குடு, நேரமாகுது'ன்னு வாங்கிட்டுப் போனாங்க."