பக்கத்து இருக்கையின் பிரேக்

மகள் இரண்டாவது முறையும் ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

வண்டி ஓட்டக் கற்றுத்தருவதுதான் அவள் அப்பாவின் தொழில். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அதனால் அவர் மனைவி மாஸ்டரம்மா. பாதி ஊருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்த வீட்டில் இப்படி ஒரு மானக்கேடு.

"என்ன சொன்னாங்க பாப்பா?" என்றாள் மாஸ்டரம்மா.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் பக்கத்துல இருக்கிற இன்ஸ்பெக்டர் காலைப் பாக்கறேனாம். நான் பிரேக் போட மாட்டேம்மா, நீதான் போடணும்னு சிரிக்கிறாரு."

மாஸ்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பயிற்சி வண்டியில் மாஸ்டரின் இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் அவர் அழுத்துவார். மற்றவர்களுக்கு அதை அபூர்வமாகத்தான் தொடுவார். மகள் ஓட்டினாலோ, தூரத்தில் ஒரு பூனை சோம்பல் முறித்தால் போதும், வண்டி நின்றுவிடும்.

வரும் மாதம் மகள் வேலையில் சேரவேண்டும். நடமாட முடியாத நோயாளிகளின் வீடு தேடிப் போய் உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் வேலை. தானே வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் அவகாசம் இருந்தது.

அன்று மாலை மாஸ்டர் வீடு திரும்பியதும் மாஸ்டரம்மா பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டுக் கூடத்தில் சத்சங்கம் நடக்கும். பேசுபவர் மாஸ்டர்தான். பிள்ளைகள் நமக்குச் சொந்தமல்ல, இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்தவர்கள் என்பார். ஒவ்வொரு உயிரும் தன் வழியைத் தானே கண்டடையத்தான் பிறவி எடுக்கிறது. பெற்றவர்கள் கூட வரலாமே தவிர, அதற்குப் பதிலாக நடக்க முடியாது என்பார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"குருக்ஷேத்திரத்துல கடவுளே வில்லைத் தொடலைன்னு போன வாரம் சொன்னது யாருங்க? நீங்க என்னடான்னா பிரேக்கை விட்டுக் காலை எடுக்க மாட்டேங்கறீங்க. கூடத்துல ஒரு பேச்சு, கார்ல ஒரு பேச்சா?"

மாஸ்டர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலையிலிருந்து, மகள் ஓட்டப் போகும்போதெல்லாம் மாஸ்டரம்மாவும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மேற்பார்வை பார்க்கத்தான்.

அதிசயமாக, வண்டி தானாக நிற்பது அன்றோடு நின்றுபோனது.

"அப்பா, நாய்ப்பா."

"தெரியுது."

"பிரேக் போடலையா?"

"யாரு ஓட்டறா?"

மகள் பதறிக்கொண்டு தானே அழுத்தினாள். நாய் இவர்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டுக் கடந்து போயிற்று.

முதலில் சில நாட்கள் திருப்பத்துக்குத் திருப்பம் அப்பாவின் காலைப் பார்த்தவள், பிறகு சாலையைப் பார்க்கத் தொடங்கினாள். மாஸ்டர் கைப்பிரேக்கின் மேல் கையை வைத்தபடி, வாய் திறவாமல் உடன் வந்தார்.

தேர்வுக்கு முந்தைய மாலை, ஒரு கிடங்கின் வாசலிலிருந்து லாரி ஒன்று சட்டென்று பின்னோக்கி வந்தது. மாஸ்டரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது, லாரிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றிருந்தது. நிறுத்தியவள் மகள்தான். பின்னாலிருந்து பார்க்க, மாஸ்டரின் தோள்கூட அசைந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், மகள் காதில் விழாத குரலில் மாஸ்டரம்மா வெடித்தாள்.

"காலை எடுங்கன்னுதான் சொன்னேன். மனசையே எடுத்துடச் சொல்லலை. லாரி அவ்வளவு கிட்ட வருது, பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க. பத்து மாசம் சுமந்திருந்தா தெரியும்."

"அதான் அவ நிறுத்திட்டாளே" என்றார் மாஸ்டர். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி, அதையும் குடித்தார்.

மகள் தேறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதே பேச்சாக இருந்தது. பற்றில்லாமல் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று நம் மாஸ்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் புகழ, மாஸ்டர் அவசரமாக வேறு விஷயத்துக்குத் தாவினார். அது பற்றில்லாமை இல்லை, ஈரமில்லாமை என்று சொல்ல மாஸ்டரம்மாவுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

மறுநாள், பழுது பார்க்க விட்டிருந்த வண்டியை எடுத்துவர அவளே போகவேண்டியிருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பாப்பா பாஸாமே. ரொம்ப சந்தோஷம்க்கா. எனக்கும் விடுதலை. தினமும் சாயங்காலம் கழட்டு, காலைல மாட்டுன்னு மாஸ்டர் என் உயிரை எடுத்துட்டாரு."

"எதைக் கழட்டச் சொன்னாரு?"

"அவர் பக்கத்துப் பிரேக்கைத்தான். மத்தவங்களுக்கு வேணுமாம், பாப்பா ஓட்டறப்ப வேணாமாம். பெடல் அப்படியே இருக்கும், மிதிச்சா எதுவும் பிடிக்காது. ஆபத்தாச்சே மாஸ்டர்னு கேட்டேன். 'கைப்பிரேக் இருக்குல்ல. கை நான் சொன்னாக் கேக்குது. காலுதான் அப்பனாவே இருக்குது'ன்னாரு."

மாஸ்டரம்மா கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கால்மிதியை மட்டும் மாத்திடுங்கக்கா" என்றான் அவன். "போன மாசந்தான் புதுசு போட்டேன்."

அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். மாஸ்டரின் இருக்கைக்கு முன்னால், எதையும் நிறுத்தாத அந்தப் பெடலுக்கு நேர் கீழே, தடித்த ரப்பர் விரிப்பில் ஓட்டை விழுந்திருந்தது.