நாற்பது கிலோ

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் நூர்ஜஹானின் வேன் வீட்டுக்குப் புதுத் தரை போட மெக்கானிக் இசக்கியப்பன் வந்திருந்தார். பழைய பலகைகளைக் கழற்றும்போதே அவள் கேட்டுவிட்டாள்.

“அண்ணே, இது தானா கிளம்பாம இருக்க ஒரு சுவிட்ச் வச்சுத் தருவீங்களா?”

“என் லைசென்ஸ் போயிரும்மா. வேலை இருக்கிற ஊருக்குக் கம்பெனி கூப்பிட்டா வண்டி போயே ஆகணும்.”

“போன மாசம் வள்ளியூர்ல தண்ணி பிடிக்க இறங்கினேன். கிளம்பிருச்சு. உள்ளே புள்ள தனியா. சாத்தூர்ல போய்ப் பிடிக்க ஆறு மணி நேரம் ஆச்சு. அழுது அழுது அவனுக்குக் குரலே இல்ல.”

இசக்கியப்பன் தொட்டிலைப் பார்த்தார். “உங்க எடை என்ன?”

“ஐம்பத்திரண்டு.”

மோட்டார் வயரைப் பிரித்து, தரைக்கு அடியில் ஓர் அழுத்தத் தகட்டோடு இணைத்தார். நாற்பது கிலோவாவது மேலே நிற்காவிட்டால் வண்டி நகராது. அதன்மேல் புதுப் பலகைகளை அடித்து மூடினார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு உத்தரவு வந்தது. குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. “புறப்படுகிறோம்” என்று வண்டி மூன்று முறை சொன்னது. அசையவில்லை.

வெளியே நின்ற நூர்ஜஹான் மூன்றையும் கேட்டாள். பிறகு மெதுவாக நடந்து, தூரத்து வேப்பமரம் வரை போய்த் திரும்பினாள்.