இருநூறாவது உரை

"ஐயா, காலையிலேர்ந்து உங்களைத்தான் தேடுறாங்க," என்றார் சபை வாசலில் நின்ற காவலர் தோப்ரி.

"தேடட்டும். பேச்சு முடிஞ்சப்புறம் பூங்கொத்தோட தேடட்டும்," என்றபடி வெலிச்கோ மேல்கோட்டில் இருந்த பனியைத் தட்டினார். மலைப்பாதையில் பஸ் ஊர்ந்து வந்ததில் ஏற்கெனவே தாமதம்.

"எதுக்கும் போனை ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"பேசுற நாள்ல நான் போனைத் தொடுறதில்ல. உமக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? போன மாதம் தேனீ வளர்ப்பவர்களின் கண்ணீரை அவர் உருக்கமாக எடுத்துச் சொல்லும்போது, சட்டைப் பையிலிருந்து கல்யாண மேளம் முழங்கி, சபையே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து பேச்சு நாளில் போனுக்கு விடுமுறை.

பல்கேரியத் தலைநகர் சோபியாவின் நாடாளுமன்றத்தில் இந்தத் தடவை எதிர்க்கட்சிக்காரர் வெலிச்கோவை விட அதிகம் பேசியவர் கிடையாது. திராட்சைப் பூச்சி, தெருநாய், பனிக்கால டயர் என்று எதை எடுத்தாலும் எழுந்துவிடுவார். இன்று பேசினால் இருநூறு. இந்தக் கணக்கில் அவருக்கு அடுத்தபடியாக மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தவர் சொந்தக் கட்சிக் கொறடா கமென்தான்.

ஆனால் இன்று கணக்குக்காக மட்டும் அவர் வரவில்லை. சின்ன ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடும் மசோதா வருகிறது. மூடப்போவதில் அவருடைய ஊரும் உண்டு. மருமகளுக்கு எட்டாம் மாதம். வார்டு போனால், கொட்டுகிற பனியில் மலையைத் தாண்டிப் போய்த்தான் பிள்ளை பெற வேண்டும். நாளை சபை கலைகிறது, பிறகு தேர்தல். இன்று ஒரு நாள் நிறைவேறாமல் போனால் மசோதா தானாகவே செத்துவிடும்.

பஸ் ஏற்றிவிட்ட மனைவி ருமியானா, சூடான பாலாடைக்கட்டிப் பனிட்சாப் பலகாரப் பொட்டலத்தைக் கையில் திணித்துக் கறாராகச் சொல்லியிருந்தாள்: "நல்லா பேசினியான்னு நான் கேக்க மாட்டேன். வார்டு இருக்கா, போச்சா, அதை மட்டும்தான் கேப்பேன்."

"என் பேச்சைக் கேட்டா ஆளுங்கட்சிலயே பத்துப் பேர் அழுதுகிட்டே மாறி ஓட்டுப் போடுவான், பாரு," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

உள்ளே நுழைந்தால் எதிர்க்கட்சி வரிசை துடைத்துவிட்டது போலக் காலி. 'என் இருநூறைக் கேக்கக்கூட மனசு வரல. பொறாமை புடிச்ச பயலுக' என்று பல்லைக் கடித்தார்.

சபாநாயகர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெலிச்கோவைக் கண்டதும் அந்த முகத்தில் விளக்கு எரிந்தது.

"வாங்க, வாங்க. பேசுறீங்களா?"

நாலு வருடமாக மைக்கை நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது?

"பேசத்தானே வந்திருக்கேன்."

"தாராளமா. முதல்ல அட்டையைச் செருகி விரலை வையுங்க. வருகை பதிவாகட்டும்."

வைத்தார். ஆளுங்கட்சி வரிசையில் கைதட்டல் எழுந்தது. வெலிச்கோ மார்பில் கை வைத்துத் தலைகுனிந்து வணங்கினார். எதிரிக்குத் தெரிகிற அருமை சொந்தக்காரனுக்குத் தெரியவில்லையே.

அன்று அவர் பேசியதுதான் பேச்சு. கணவாயில் சிக்கிய ஆம்புலன்ஸ், டிராக்டரில் பிறந்த குழந்தை, பிறக்கப்போகும் தன் பேரன் என்று ஒன்றையும் விடவில்லை. நேரம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. சுகாதார மந்திரியே எழுந்து வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். ஆளுங்கட்சி வரிசையில் சிலர் தோள் குலுங்கக் குனிந்திருந்தார்கள். 'அழறாங்க' என்று வெலிச்கோ குரலை இன்னும் தழுதழுக்க விட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கமென் குதித்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். கடைசியில் தலையிலேயே அடித்துக்கொண்டார். வெலிச்கோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் பேசினார்.

வாக்கெடுப்பு வந்தது. எதிர்ப்புப் பொத்தானை, அது உடைந்துவிடும் போல ஓங்கி அழுத்தினார்.

"ஆதரவு நூற்றிருபது. எதிர்ப்பு ஒன்று. மசோதா நிறைவேறியது."

ஒருத்தர்கூட மாறவில்லை. ருமியானா முகத்தில் எப்படி விழிப்பது? வெலிச்கோ விறுவிறுவென்று வெளியே வந்தார். கமென் பளிங்குப் படியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்கெல்லாம் மனசாட்சி இருக்காய்யா?" என்று வெடித்தார் வெலிச்கோ. "நான் இருநூறு அடிச்சுடுவேன்னு வயித்தெரிச்சல்ல அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போய் காபி குடிச்சிருக்க. தன்னந்தனியா நின்னு போராடினேன். நாளைக்கு என் மருமக நடுரோட்டுல வலியில துடிச்சா, அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்."

கமென் நிமிர்ந்தார். கத்தக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"ஆளுங்கட்சியில கொஞ்சப் பேர் காய்ச்சல்ல படுத்துட்டான். மிச்சம் நூத்தி இருபதுதான். சபை நடக்க நூத்தி இருபத்தொண்ணு வேணும். அதனாலதான் காலையில நாம மொத்தமா வெளிநடப்பு. சொல்லத்தான் உனக்குப் போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சேன். நானே உள்ள வந்தா என் தலையையும் எண்ணிடுவாங்க."

வெலிச்கோ போனை எடுத்துப் பார்த்தார். திரை முழுக்கக் கமெனின் அழைப்புகள்.

"ஆள் இல்லைன்னு சபையை முடிக்கப் போனாரு சபாநாயகர். நூத்தி இருபத்தொண்ணாவது ஆளா நீ வந்து விரலை வச்ச," என்றார் கமென். "நீ எதிர்த்து ஓட்டுப் போட்டதாலதான்யா அது பாஸாச்சு."