அத்தைக்குச் சொல்லாமல்

"இதோ பாரு தோரா, ஃப்ரீதா அத்தைக்கு மட்டும் நாம வர்றது தெரியக் கூடாது."

பெர்குர் இப்படிச் சொன்னபோது, தோரா சமையலறை மேஜையில் ஐஸ்லாந்து வரைபடத்தை விரித்துப் போட்டு, அருவிக்கு ஒரு புள்ளி, பஃபின் பறவைக்கு ஒரு புள்ளி என்று ஜோராக வைத்துக்கொண்டிருந்தாள். பேனா அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமாகி, பிள்ளைகள் தலையெடுத்தும் ஆயிற்று. இன்னும் இந்தத் தீவை ஒரு தடவை முழுசாகச் சுற்றி வந்ததில்லை அவள். வீட்டுக்காரன் பெர்குர் என்னவோ மீன் லாரியோடு மாதம் தவறாமல் சுற்றுகிறான். லீவு வந்தால் போதும், "இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டேன்னா என்னை என்னன்னு கேளு" என்று சோபாவில் காலை நீட்டிவிடுவான். இந்தக் கோடையில்தான் ஐயாவுக்கு மனசு இரங்கியிருக்கிறது. அதிலும் இப்படி ஒரு நிபந்தனை!

"ரோடு அவங்க வாசலை உரசிக்கிட்டுல்ல போகுது? சொல்லாம எப்படிப்பா?"

"அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம். முன்கூட்டிச் சொல்ல வேணாம், அவ்வளவுதான்."

"ஏன்னு காரணம் சொல்லேன்."

"உன்கிட்ட சொல்றதும் ஒண்ணு, ரேடியோவுல சொல்றதும் ஒண்ணு!"

தோராவுக்குச் சுருக்கென்றது. "கோடைக்குக் கோடை உன்னைக் கூட்டிட்டுப் போய் வச்சு, வயித்துக்குப் போட்டு வளர்த்தவங்க. அவங்களையா மறைச்சுட்டுப் போகணும்? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பெர்குர் தங்கமான பையன், பொண்டாட்டிதான் விடலைன்னு சொல்லும்!"

"சொல்லிட்டுப் போகட்டும்" என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, தோழி யோருனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அட கண்றாவியே!" என்றாள் யோருன். அடுத்த வீட்டுச் சண்டை என்றால் அவளுக்கு வெந்நீரைவிட இதம். "வாசல் வழியா போயிட்டு ஒரு வாய் காபிக்குக்கூட நுழையலைன்னா, அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? எங்க சொந்தத்துல இதனாலேயே ரெண்டு குடும்பம் பேச்சு வார்த்தையை நிறுத்திடுச்சு. வயசானவங்கன்னா இந்த ஆம்பளைங்களுக்கு அலுப்புடி. நீயே ஒரு போனைப் போடு."

தோரா வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் போனை எடுத்தாள். பெர்குர் வெளியே காரின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோராவா! நல்லா இருக்கியாம்மா?" மூச்சு வாங்கினாலும் அத்தையின் குரல் கணீரென்றுதான் இருந்தது. "பெர்குரோட லாரி இப்ப எப்படி இருக்கு?"

"லாரிக்கு என்ன அத்தை? நல்லாத்தானே இருக்கு?"

"என்னத்த நல்லா இருக்கு! ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டு வாசல்ல வந்துல்ல ரிப்பேர் ஆகித் தொலைக்குது! வேற வண்டி கொடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட கேட்கச் சொல்லும்மா. நல்ல வேளை, வழியில சாப்பிடன்னு கேக்கும் பன்னும் அவனே நிறைய வச்சிருந்தான். திடுதிப்புன்னு வந்து நிக்கிறவனுக்கு நான் என்னத்தைச் சுட்டு வச்சிருக்கப் போறேன்? காபியும் அவனே போட்டான். வயிறு குலுங்கச் சிரிச்சுப் பேசிட்டிருந்தோம். அப்புறம் பார்த்தா, வண்டி ஒரே தட்டுல கிளம்பிடுச்சு!"

தோரா ஜன்னல் வழியாகக் கணவனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டு வர்றவங்கன்னா அது வேற கதை" என்று அத்தை தொடர்ந்தாள். "ஈஸ்டருக்கு என் தங்கச்சி மக ஹில்துர் வர்றேன்னு சொல்லியிருந்தா. விதவிதமா கேக்கு, பான்கேக், முறுக்கிப் போட்ட க்ளெய்னுர்னு மேஜை நிறைய சுட்டு வச்சேன். கடைசியில மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போட்டாங்க. இதயம் பலவீனமா இருக்காம், இனிமே அடுப்பு முன்னாடி நிக்கவே கூடாதாம். டாக்டருக்கு என்ன தெரியும்? வர்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் வெறும் மேஜையைக் காட்டினா நான் என்ன பொம்பளை?"

தோராவுக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"சரி, நீ எதுக்கும்மா கூப்பிட்டே? இந்தப் பக்கம் வர்றீங்களா என்ன?"

குரலில் அப்படி ஒரு துள்ளல். கூடவே, மாவு டப்பாவை இழுக்கிற சத்தம்.

நாக்கு நுனிவரை வந்த சேதியைத் தோரா அப்படியே முழுங்கினாள். "இல்லை அத்தை... இந்த வருஷம் நாங்க எங்கேயும் போகலை. சும்மா, உங்க குரலைக் கேட்கணும் போல இருந்துச்சு."

"ஓ... சரிம்மா. சரி." துள்ளல் பொசுக்கென்று அடங்கிப்போனது. டப்பாவை மூடி வைப்பது கேட்டது.

பெர்குர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அவள் கையில் போனைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"தோரா... அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"மூச்சு விடலை" என்று மூக்கை உறிஞ்சினாள் தோரா. "கேக்கு எல்லாம் நானே பண்ணிடறேன். அவங்க வாசல்ல நம்ம கார் என்னைக்கு ரிப்பேர் ஆகணும், அதை மட்டும் சொல்லு!"