மூன்றாவது பங்கு

செனுவாரா அக்கா அரிசிப் பையைப் பள்ளிவாசல் படியில் தொப்பென்று வைத்தாள்.

"ஃபித்ரா, ஹுஜூர். மூணு தலைக்கு."

நாளைக்குப் பெருநாள். தொழுகைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டிய தர்மம். நோன்பு முழுக்க ரேஷன் அரிசியில் பிடிபிடியாக ஒதுக்கி வைத்திருந்தாள். பையின் ஒரு காதை, பக்கத்துக் கூடாரத்துக்காரி நான்தான் பிடித்துத் தூக்கி வந்தேன்.

"நீங்க வாங்க வேண்டியவங்கம்மா. அகதிக்கு இது கடமையில்ல. வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் தொழுகை நடத்தும் ஹுஜூர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் மங்டோவில் ஃபித்ரா கொடுக்காமல் இவள் ஒரு பெருநாள் கண்டதில்லை. வீட்டைக் கொளுத்தினார்கள். வயலைப் பிடுங்கினார்கள். இங்கே முகாமுக்கு வந்தால் வரிசையில் நில், கையை நீட்டு என்று ஒரே பாட்டு. அல்லாவுக்குக் கொடுக்கவுமா ஒருத்தரிடம் கெஞ்ச வேண்டும்? இந்த ஹுஜூரும் எங்களோடு ஆறு தாண்டி ஓடி வந்தவர்தான்.

"கடமையில்லன்னா, குடுக்கக் கூடாதுன்னா இருக்கு?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கொஞ்சம் இளகினார். "சரி. உங்களுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு. மூணாவது?"

"ரெதுவானுக்கு."

உள்ளே இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ரெதுவான் அவள் மகன். மழை விட்டதும் மலேசியாவுக்குப் படகேறினான். படகு கவிழ்ந்துவிட்டதாக யாரோ யாரிடமோ சொன்னார்களாம். ஒரு உடலைக்கூட யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் போன மாதம், இவள் வேண்டாம் வேண்டாமென்று கத்தக் கத்த, இதே ஆட்கள் கூடிப் படகில் போன எல்லோரும் இறந்துவிட்டதாக வைத்து ஃபாத்திஹா ஓதி முடித்தார்கள். ஓதியவர் இதே ஹுஜூர்தான்.

"மௌத்தானவங்களுக்கு ஃபித்ரா கிடையாதும்மா" என்றார் மெதுவாக.

"தெரியும். அதனாலதான் கொண்டு வந்தேன்."

அவர் பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானையைக் கவிழ்த்தேன். கூடாரத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஃபாத்திஹா ஓதின நாளிலிருந்து, புருஷனை இழந்தவள் நாலு மாசம் இத்தா இரு, வெளியே போகாதே என்று உயிரை எடுக்கிறான். இத்தா முடிந்ததும் நிக்காஹ்வாம். மாப்பிள்ளைகூடப் பார்த்தாயிற்றாம்.

அரிசியை அளந்து கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

"பள்ளிவாசல்ல குடுத்துட்டு வா. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்னு சொல்லு."