காய்ச்சல் இல்லாத வீடு

"எங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்ல. எதுக்கும்மா ஒட்டுறீங்க?"

சுகாதாரத் துறைப் பெண் மாடி வீட்டுக் கதவில் மஞ்சள் ஸ்டிக்கரை வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

'தனிமைப்படுத்தப்பட்ட வீடு. உள்ளே இருப்பவர்கள் வெளியேறக் கூடாது.'

கதவருகே நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குப் பின்னால் கூடத்தில் இரண்டு பெட்டிகள், ஒரு பாத்திர மூட்டை, சுருட்டிக் கட்டிய மெத்தை. இன்று மாலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர்.

காரணம், டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி நர்ஸ். தொற்று வார்டில் வேலை. அவள் வீட்டுக்கு வந்தே இருபத்திரண்டு நாளாகிறது. ஆஸ்பத்திரி கொடுத்த விடுதி அறையில்தான் தங்கல். ஆனாலும் வீட்டுக்காரருக்குப் பயம். நாலு மாதத்துக்கு முன் நர்சுகளைப் பாராட்டி, வாசலில் நின்று தெருவிலேயே பலமாகக் கை தட்டியவரும் அவர்தான்.

"காலி பண்ணுன்னு அவர் சொல்றாரு. வெளியே கால் வைக்காதேன்னு நீங்க சொல்றீங்க. நடுவுல நான் எங்கம்மா நிக்கிறது? படிக்கட்டுலயா?"

"உத்தரவு சார்."

"என்ன பெரிய உத்தரவு? போன வாரம் எனக்கும் பாப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தது நீங்கதானே? ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்லன்னு வந்துச்சே!"

"ஆமா சார். நான்தான் எடுத்தேன்."

"அப்புறம்? நாலு மாசமா என் காரை நகர விடல. திறன்னு ஒரு நாள், மூடுன்னு மறுநாள். முதல் நாள் கிளாசுக்கு வர்றவன்கூட வண்டியை இப்படி இழுத்து இழுத்து ஓட்ட மாட்டான்!"

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. "நல்லாக் கேளுங்க சார்! எங்க வீட்டுல நெஜமாவே காய்ச்சல் வந்தப்போ பத்து நாள் கழிச்சுத்தான் எட்டிப் பார்த்தாங்க!"

சுகாதாரத் துறைப் பெண் ஸ்டிக்கரின் ஓரத்தை இன்னொரு முறை தேய்த்தாள்.

டிரைவிங் ஸ்கூல்காரரின் குரல் இறங்கியது.

"ஒன்பது வீட்டுக்குப் போன் போட்டேம்மா. எல்லாம் பேசி முடிச்சப்புறம், வீட்டுல அவங்க என்ன பண்றாங்கன்னு கேப்பாங்க. நர்ஸுன்னதும் லைன் கட். இன்னைக்கு ராத்திரி கார்லதான் படுக்கணும். பாப்பாகிட்ட டூர்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் பாதிப் படி வரை வந்தார்.

"என்ன தம்பி, மணி நாலாச்சு. சாமானெல்லாம் இன்னும்..."

ஸ்டிக்கரைப் பார்த்ததும் மூன்று படி பின்வாங்கினார்.

"என்னம்மா இது? இவங்க இன்னைக்குக் காலி பண்றாங்களே!"

"முடியாது சார். ஸ்டிக்கர் ஒட்டின வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது. வரச் சொல்றவங்க மேலயும் கேஸ் வரும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க!"

"காய்ச்சல் இல்லாதவங்களை அங்க சேர்க்க மாட்டாங்க சார்."

"காய்ச்சலே இல்லன்னா எதுக்கும்மா ஒட்டுறீங்க?"

"அதைத்தானே நானும் கேக்கிறேன்!" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

"உங்க ஆபீசர் நம்பரைக் கொடும்மா. நான் பேசிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"தாராளமா சார். ஆனா அவர் நேர்ல வந்தார்னா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டுன்னு உங்க கதவுலயும் ஒண்ணு ஒட்டச் சொல்லுவார். பரவாயில்லையா?"

வீட்டுக்காரர் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன கவர்மென்ட்டோ, என்ன சட்டமோ!"

கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனார். கீழே கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"திருப்தியா உங்களுக்கு?" டிரைவிங் ஸ்கூல்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். "எப்பத்தான் இதைக் கிழிப்பீங்க?"

அந்தப் பெண் படிக்கட்டின் கீழே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வார்டுல வேலை பார்க்கிறவங்க வீட்டுக்கு இதை ஒட்டுறதும் ஒட்டாம விடுறதும் எங்க கையில இருக்குண்ணா. இதுவரைக்கும் நான் ஒரு வீட்டுலயும் ஒட்டினதில்ல. நேத்து இந்தத் தெருவுக்குக் காய்ச்சல் பார்க்க வந்தேன். வீட்டைக் காலி பண்ணுன்னு அவர் உங்ககிட்ட போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

அவருக்கு உடனே புரியவில்லை. கூடத்தில் இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மளிகை, பாலெல்லாம் வாசலுக்கே வந்துடும்ணா. அண்ணி டியூட்டி முடிஞ்சு வர்றப்ப அவங்களுக்குன்னு ஒரு வீடு இருக்க வேணாமா?"

ஸ்டிக்கரின் அடியில் தேதிக்கான இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவைத் திறந்தாள்.

"வேற வீடு கிடைக்க எத்தனை நாளாகும்? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா, அதுவரைக்கும் எழுதிடறேன்."