விசாரிக்க வந்தவள்

“ராஜேஷ்குமாரைப் பத்தி உங்ககிட்டக் கேக்கணும்க்கா,” என்றாள் வாசலில் நின்ற பெண்.

விடுதிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சுகன்யா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

நாயுடுபுரத்தில் இந்தச் சலவைக் கடையைத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. விவாகரத்து ஆன பிறகும் அவன் அவளை விடவில்லை. கடைக்கு எதிரே ஜீப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விடிய விடிய போன் அடிக்கும். எண்ணை மாற்றினால் புது எண்ணும் எப்படியோ அவனுக்குக் கிடைத்துவிடும்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவன் வரவில்லை.

ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது. அது போதுமாயிருந்தது.

இப்போது காரணம் எதிரே நின்றது. பெயர் காவ்யா. ஊர் பெரும்பாறை. தோட்டத்துக்கு மிளகு ஏற்ற வந்த ராஜேஷ்குமாரோடு பழக்கம். தையில் கல்யாணம். வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

“கை நீட்டுவாராக்கா? இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நம்பிக்கிறேன்.”

சுகன்யா ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உடைந்து கோணலாகக் கூடிய மணிக்கட்டு அதற்குள் இருந்தது. குளிர் ஊரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இன்றே அவனை விட்டுவிடுவாள்.

நாளைக் காலையில் ஜீப் கடை எதிரே வந்து நிற்கும்.

“நல்லவருதாம்மா,” என்றாள் சுகன்யா. “எனக்குத்தான் ஒத்துவரல.”

காவ்யா சிரித்தாள். சிரிக்கும்போது இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அவள் சரிவில் இறங்கிக் கொஞ்சதூரம் போன பிறகு சுகன்யா செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

“காவ்யா!”

பெண் திரும்பிப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது சுகன்யாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“பஸ்ஸுல முன்னால உக்காரு. பின்னால உக்காந்தா வாந்தி வரும். வெரசாப் போ.”

காவ்யா கையசைத்துவிட்டு மூடுபனிக்குள் போனாள்.

சுகன்யா அங்கேயே நின்றாள். சொன்ன பொய்கூட அவளுடையது இல்லை. தனக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில் காவ்யாவைப் போலவே அவளும் ஒருத்தியைத் தேடிப் போயிருக்கிறாள். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. அந்தப் பெண்ணின் பெயர் ஸ்வேதா. ராஜேஷ்குமாருக்கு முதலில் பேசி முடித்திருந்த பெண்.

ஸ்வேதா விபூதிப் பொட்டலம் மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். நல்லவருதான், எனக்குத்தான் ஒத்துவரல. சொல்லும்போது அடிக்கடி தெருவைப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மலையேறிய பஸ்ஸில், வழி நெடுக, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு என்றுதான் சுகன்யா நினைத்துக்கொண்டு வந்தாள்.